மண்வாரியின் கைப்பிடியில் சுற்றிய பட்டு

கந்தனுக்கு உள்ளங்கை வேர்க்கும். வேர்த்தால் வேர்க்கட்டுமே, அதற்கென்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காஞ்சிபுரத்தில், அதுவும் பட்டு நெய்கிற வீட்டில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவனுக்கு உள்ளங்கை வேர்த்தால் அது குடும்பத்துக்கே வந்த கஷ்டம். வெளிர் நிறப் பட்டில் ஈரக்கை பட்டால் பட்ட இடம் மங்கிவிடும். சரிகையில் பட்டால் கறுத்துவிடும். கடைக்காரர் புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளிப்பார்.

கந்தனின் அப்பா நமச்சிவாயம் நெய்த புடவைக்கு அந்த மாதிரி மூஞ்சிச் சுளிப்பு ஒருநாளும் கிடைத்ததில்லை. அதனால் மகனைத் தறிக்குழியில் இறக்குவதற்கு முன்னால் தினம் காலையில் "கை காட்டுடா" என்பார். பையன் நீட்டுவான். அவர் தன் புறங்கையை அவன் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். ஈரம் என்றால் அன்றைக்குத் தறி கிடையாது. படிகாரத் தண்ணீரில் கையை ஊற வைத்தார்கள், மருதாணி அப்பினார்கள், விபூதியைக் கொட்டித் தேய்த்தார்கள். எல்லாம் "கை காட்டு" என்ற குரல் கேட்கும் வரைதான். அதைக் கேட்டதும் பயத்திலேயே மழை பெய்த மாதிரி வேர்த்துவிடும்.

ஒருநாள் சந்தன நிற முகூர்த்தப் புடவை ஒன்று கடையிலிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் வரிசையாகச் சின்ன விரல் தடங்கள். நமச்சிவாயம் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. "உன் கை பட்டா பட்டு கெட்டுப்பூடும்டா. உனக்கு வேற வேலதான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தம்பிக்காரனைத் தறியில் உட்கார வைத்தார். கோபத்தில் சொன்னதாக இருந்தால் கந்தன் மறந்திருப்பான். சாதாரணமாகச் சொன்னதால் அது அப்படியே மனசில் தங்கிவிட்டது.

மீசை அரும்பியதும் ரயில்வேயில் சேர்ந்தான். முதலில் தண்டவாளத்துக்கு ஜல்லி குத்துகிற கூலி. பிறகு செங்கல்பட்டு யார்டில் ரயில் எஞ்சின் பாய்லருக்குள் புகுந்து சுரண்டிக் கழுவுகிற வேலை. கரி கையில் பட்டாலும் கை கரியில் பட்டாலும் அங்கே யாருக்கும் கவலையில்லை. கந்தனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொன்னால் தெருவில் யாரும் நம்பவில்லை. ஆனால் பிடித்துத்தான் இருந்தது.

அந்த யார்டின் கடைசிக் கோடியில் ஒரு மண்வாரி கிடந்தது. இப்போது மண் அள்ளுகிற இயந்திரம் என்றால் டீசலில் ஓடி மஞ்சள் நிறத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது நீராவியில் ஓடுவது. தண்டவாளத்தின் மேல் சக்கரத்தோடு நிற்கும் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் நெட்டுக்குத்தாக ஒரு பாய்லர், கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு புகைபோக்கி. முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கை, அதன் நுனியில் பல் வைத்த வாளி. வாளி மேட்டைக் கீழிருந்து கீறிக்கொண்டு எழும்பும், பக்கவாட்டில் திரும்பி வேகனுக்கு மேலே போய் நிற்கும், அடிக்கதவு திறக்கும், மண் பொலபொலவென்று விழும். நூறு பேர் கூடை சுமக்கிற வேலையை அது மூச்சு வாங்கிக்கொண்டே செய்துவிடும்.

அதன் பூர்வீகத்தைப் பற்றி யார்டில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் துண்டு துண்டாக வந்து இறங்கியது என்பதில் மட்டும் சண்டையில்லை. மலையைக் குடைந்து பாதை போட்டது இதுதான் என்றார் ஒருவர். இல்லை, யுத்தத்தின்போது விமானத்துக்குத் தரை சமன் செய்தது என்றார் இன்னொருவர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம், அதற்கு வயது அவ்வளவு. கந்தன் பார்த்தபோது புகைபோக்கியில் பிரண்டை ஏறியிருந்தது, வாளிக்குள் கீரிப்பிள்ளை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

பாலாற்றுக் கரையில் சரளை மண் வெட்டி அரக்கோணம் பாதைக்குப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தபோது கீரிப்பிள்ளையை விரட்டிவிட்டு அதை எழுப்பினார்கள். உள்ளே நிற்கிறவன் வெந்து போவான் என்பதால் யாரும் முன்வரவில்லை. பாய்லர் கழுவுகிறவன்தானே, வெப்பம் பழகியிருக்கும் என்று கந்தனை ஏற்றிவிட்டார்கள். மூன்று கைப்பிடியில் ஏதாவது இரண்டை இரண்டு கையும் இழுக்க வேண்டும், கால் அதே நேரத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கை போனால் கால் நின்றுவிடும், கால் போனால் கை நின்றுவிடும். கந்தனுக்கு அப்படி ஆகவில்லை. சின்ன வயசில் தறிக்குழியில் மிதிகட்டையை மிதித்து ஆடிய கால் அது. கை ஒன்று செய்யும்போது கால் வேறொன்று செய்வது அதற்குத் தெரியும்.

ஆனால் பழைய சனியன் இங்கேயும் வந்து நின்றது. இரும்புக் கைப்பிடி கொதிக்கும், உள்ளங்கை வேர்க்கும், பிடி வழுக்கும். சாக்கைச் சுற்றினான், சாக்கு கையைத் தேய்த்துப் புண்ணாக்கியது. இயந்திரம் துடைக்கிற நூல் வேஸ்டைச் சுற்றினான், அது எண்ணெய் குடித்து இன்னும் வழுக்கியது.

அப்போது அவனுக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி மங்கையர்க்கரசி அதே தெருப் பெண், நெசவில் கெட்டிக்காரி, வாயிலும்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "உங்களுக்குக் கை வேர்க்குமாமே?" என்று நேராகக் கேட்டாள். ஆமாம் என்றான். "என் தறிகிட்ட வராத வரைக்கும் எனக்கு அதால ஒண்ணும் இல்ல" என்றாள். அவனுக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துப்போனது. வீட்டில் அந்தச் சட்டம் அமலில் இருந்தது. அடுப்பை அவன் தொடலாம், பின்னால் பிள்ளை பிறந்ததும் பிள்ளையைத் தூக்கலாம், தறியின் பக்கம் மட்டும் போகக் கூடாது.

கொப்புளம் போட்ட கையோடு அவன் வந்து நின்றதும் மங்கை உள்ளே போனாள். புடவையை அறுத்தெடுத்த பிறகு தறியில் சாண் சாணாக மிஞ்சும் பட்டு நுனிகளை ஒரு பையில் போட்டு வைத்திருப்பாள். அதை அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள்.

"இத சுத்திக்கினு புடிச்சிப் பாருங்க. சூடு ஏறாது. வேர்வையும் குடிச்சிடும்."

"பட்டுலயா? நான் தொட்டா கெட்டுப்பூடுமே."

"கெட்டா போவட்டும். இது யாரு கட்டிக்கப் போற புடவ?"

மறுநாள் அரக்கு, பச்சை, மஞ்சள் என்று மூன்று கைப்பிடிக்கும் மூன்று நிறத்தில் சுற்றினான். பிடி அசையவில்லை. கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் ஆதிகேசவன், வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், இதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னான்: "எங்க அண்ணன் மிஷினுக்குப் பட்டுப்புடவ கட்டிட்டாருபா. இனிமே அதுக்கு வளகாப்பு ஒண்ணுதான் பாக்கி." வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பழைய பட்டை அவிழ்த்துவிட்டுப் புதிது சுற்றுவது வழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தால் கந்தன் பொட்டோடு பட்டும் சாத்துவான்.

பாலாற்றங்கரையில் அவன் வாழ்க்கை நன்றாகவே ஓடியது. வாளி மண்ணைக் கீறியதும் வெளியே வரும் புழுவுக்காகக் கொக்குகள் கூட்டமாக வந்து நிற்கும். மத்தியானம் பாய்லர் மேல் சோற்றுத் தூக்கை வைத்துச் சூடாகச் சாப்பிடுவார்கள். வேகனுக்குள் ஆட்கள் நின்று மண்ணை நிரவிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் தலைக்குப் பக்கத்தில் வாளியைக் கொண்டுவந்து பூப்போல இறக்குவான். அவர்களும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை. கந்தன் சந்தோஷமான மனிதன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்ததாகச் சொல்லப்போவது அவனுடைய ஒரே குறை.

அவன் கை வேலை செய்வதை அப்பா ஒருநாளாவது பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பாராட்ட வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டாம். பார்த்தால் போதும். ஆற்றங்கரைக்குக் கூப்பிட்டபோது நமச்சிவாயம், "மண்ணு வார்றத இன்னாடா போய்ப் பாக்கறது?" என்று கேட்டுவிட்டார். அவர் கெட்டவரில்லை, மகனோடு மனஸ்தாபமும் இல்லை. தறி, வீடு, ஏகாம்பரநாதர் கோயில் என்ற மூன்றைத் தவிர நான்காவதாக ஓர் இடம் உலகத்தில் இருப்பது அவருக்கு உறைக்கவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாசத்தில் அதிர்ஷ்டம் தானாக வந்தது. காஞ்சிபுரம் ஸ்டேஷனை ஒட்டியிருந்த மேட்டை வெட்டிச் சமன் செய்து இன்னொரு பாதை போட வேண்டும் என்று மண்வாரியை ஊருக்கே இழுத்து வந்தார்கள். தண்டவாளத்துக்குக் கிழக்கே கந்தனின் தெரு, மேற்கே கோயில். நமச்சிவாயம் தினம் காலையில் ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டும். கேட்டிலிருந்து பார்த்தால் மண்வாரி கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் அவர் போகிற நேரத்தில் பாய்லர் சூடேறியிருக்காது, இயந்திரம் சும்மா நிற்கும். அவர் திரும்பி வருகிற நேரத்தில் வேலை நடக்கும். அவரோ நெற்றி நிறைய விபூதியோடு, வாய்க்குள் தேவாரத்தோடு, தரையைப் பார்த்தபடி வருவார். ஆனி போய் ஆடி வந்தது. அவர் நிமிரவில்லை.

கந்தன் ஒரு முடிவுக்கு வந்தான். நாளைக்கு விடியற்காலையிலேயே போய்த் தானே நெருப்பு மூட்டுவது. அப்பா கோயிலுக்குப் போகும்போது வாளி அவர் கண்ணெதிரே மேலே எழும்பி நிற்க வேண்டும். அதைப் பார்க்காமல் எப்படிப் போவார்?

அன்று சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே மங்கை, "நாளைக்கு மாமா பாவு தோய்க்கிறாரு. கஞ்சி காய்ச்சிட்டு நான் ஒத்தாசைக்குப் போவணும்" என்றாள். கந்தன் "உம்" என்றான். அவன் மனசு முழுக்க வாளியில் இருந்தது.

பாவு தோய்ப்பது என்றால் என்னவென்று நெசவுத் தெருவில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புடவையின் நீள இழைகள்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, இளவெயிலில் காயவிட்டு, அறுந்த இழைகளைப் பிணைப்பார்கள். அந்த நேரத்தில் தூசி எழும் என்று தெருவில் ஒரு வீட்டிலும் வாசல்கூடப் பெருக்க மாட்டார்கள். வண்டிக்காரர்கள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார்கள். அப்படிப்பட்ட தெருவில் பிறந்து வளர்ந்த கந்தன்தான் மறுநாள் விடியலில் பாய்லருக்குள் ஈரக் கரியை வாரி வாரித் திணித்தான்.

சீக்கிரம் நீராவி கட்ட வேண்டும் என்ற அவசரம். புகைபோக்கியிலிருந்து புகை கறுப்பாகத் திரண்டு எழுந்தது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வந்தது. நீராவி கட்டியதும் வேகனுக்குள் நிரவுகிற ஆட்களும் வந்து ஏறிக்கொண்டார்கள். கந்தன் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா வரவில்லை. ஆதிகேசவன்தான் ஓடி வந்தான்.

"அண்ணே, இன்னாண்ணே பண்ணிட்ட! உங்க தெருவுல பாவு போட்டுக்கினு இருக்காங்க. கரி மொத்தமும் அங்கதான் போய் விழுவுது!"

மங்கை முந்தின நாள் சொன்னது அப்போதுதான் கந்தனின் காதுக்குள் இறங்கியது. அது அப்பாவின் பாவு என்பதும் சேர்ந்தே இறங்கியது. காற்றில் கரித்துகள்கள் தெருவைப் பார்த்து மிதந்து போவது அவன் நிற்கிற இடத்திலிருந்தே தெரிந்தது. உன் கை பட்டா பட்டு கெட்டுப்பூடும். கை படவே வேண்டாம், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே கெடுத்துவிட்டான்.

வாளி அப்போது நிறைந்த மண்ணோடு உயரத்தில் நின்றது. கீழே வேகனுக்குள் ஆட்கள் இருந்தார்கள். கைப்பிடியை விட முடியாது. அந்த நேரம் பார்த்து, கேட்டைத் தாண்டி நமச்சிவாயம் வந்தார். சட்டையில்லை, வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்திருந்தது, முழங்கை வரை கஞ்சி. தரையைப் பார்க்கவில்லை. நேராக மண்வாரியைப் பார்த்து வந்தார்.

"எறங்குடா கீழ!"

"இரு நைனா, வாளி மேல நிக்குது! கீழ ஆளுங்க இருக்காங்க!"

அப்பாவிடம் அவன் அப்படிப் பேசியதே இல்லை. நமச்சிவாயம் நின்றார். நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. கந்தன் இடது கையால் ஒன்றை இழுத்து, வலது கையால் ஒன்றைத் தள்ளி, காலால் பிரேக்கை மெல்ல மெல்ல விட்டான். உடம்பு தானாகவே முன்னும் பின்னும் ஆடியது. அத்தனை பெரிய வாளி ஆட்களின் தலையோரமாக நழுவி வந்து, வேகனுக்கு மேல் ஒரு முழத்தில் நின்று, சத்தமில்லாமல் மண்ணை விட்டது. அன்றைக்கு அவன் மனசு இருந்த இருப்புக்கு அது எப்படி அவ்வளவு சரியாக வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

இறங்கப் போனான். அதற்குள் நமச்சிவாயம் இரும்பு ஏணியில் ஏறி உள்ளே வந்துவிட்டார். வந்தவர் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"இது இன்னாடா, மிதிகட்டையா?"

"பிரேக்கு நைனா."

"இதுங்கள எல்லாம் நீ ஒரே ஆளாவா பாக்கற?"

"ஆமா நைனா."

நமச்சிவாயம் கையை நீட்டிக் கைப்பிடியைத் தொட்டார். விரல் நின்றது. கண்ணைவிட அவருக்கு விரல் முந்தி.

"பட்டுடா இது."

"மங்கை குடுத்தா. தறியில மிஞ்சனது. கை வேர்க்குது இல்ல, இரும்பு வழுக்கும். பட்டு சுத்துனா நிக்குது." தயங்கிவிட்டுக் கந்தன் சொன்னான்: "கெட்டுப்போறதுதான். வருசா வருசம் புதுசு மாத்திடறேன்."

வேர்வை குடித்துக் குடித்து நிறம் செத்துப் போயிருந்த அந்தப் பட்டை நமச்சிவாயம் வெகுநேரம் தடவிப் பார்த்தார். அப்புறம் திரும்பினார்.

"கை காட்டுடா."

நாற்பதை நெருங்குகிற மனிதன், இரண்டு பிள்ளைக்கு அப்பன், கையை நீட்டினான். அது ஆறாக வேர்த்திருந்தது. நமச்சிவாயம் பழையபடியே தன் புறங்கையை அதில் வைத்தார்.

"இன்னும் வேர்க்கத்தான் செய்யுது" என்றார். பிறகு தான் எதற்காக வந்தோம் என்பது ஞாபகம் வந்துவிட்டது. "அடப்பாவி, என் பாவுல கரியக் கொட்டிட்டியேடா! மாம்பழ மஞ்சளுடா!" என்று கத்திக்கொண்டே இறங்கிப் போனார். ஆதிகேசவன் சிரிப்பை அடக்க முடியாமல் கரிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் மங்கை விவரம் சொன்னாள். கரி விழுந்ததும் ஆளாளுக்குத் தட்டிவிடப் போனார்களாம். தொட்டால் அப்பிக்கொள்ளும், யாரும் கை வைக்காதீர்கள் என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே நின்றுவிட்டது. பாவைப் பொறுக்கிச் சுருட்டி, கஞ்சியும் கரியும் போகக் குளத்தில் அலசி எடுத்தார்கள். சாம்பல் சாயல் கொஞ்சம் தங்கிவிட்டது. மஞ்சளுக்கு மேல் சிவப்பு ஏற்றி அரக்காக்கிவிடலாம் என்று நமச்சிவாயமே சொல்லிவிட்டார். கடைக்காரரும் அரக்கென்றால் இன்னும் நல்லது என்றாராம்.

"என்னப் பத்தி இன்னா சொன்னாரு?" என்று கந்தன் கேட்டான்.

"ஒண்ணும் சொல்லல. அதுதான் எனக்கே அதிசயமா இருக்குது."

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு வந்தது. நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் ஆதிகேசவன் தெருவுக்குள் போய்ப் பாவு போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். போகிற வீட்டில் எல்லாம் மோர் கிடைத்ததால் அந்த வேலையை அவன் மிகுந்த பொறுப்போடு செய்தான்.

மண்வாரியின் பிற்காலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் மனசுக்கு நன்றாக இருக்காது. எழுபத்துநாலில் டீசல் இயந்திரம் வந்ததும் அதைப் பிரித்து எடைக்குப் போட்டார்கள். கந்தனுக்கு அந்த டீசலையே கொடுத்தார்கள். அதையும் அவன் சந்தோஷமாகத்தான் ஓட்டினான். அதன் கைப்பிடி சுடாது. ஆனாலும் பட்டுச் சுற்றினான்.

அந்த அரக்குப் புடவைக்கு வருகிறேன். ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் அதைத் தறியிலிருந்து அறுத்தார்கள். மறுநாள் காலையில் கோயிலிலிருந்து திரும்பிய நமச்சிவாயம் கேட்டைத் தாண்டியதும் வீட்டுப் பக்கம் போகாமல் ஸ்டேஷன் பக்கம் திரும்பினார். மண்வாரியின் கீழே வந்து நின்று மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கந்தன் இறங்கி வந்தான்.

உள்ளே அரக்குப் பட்டு நுனிகள். கழிவாகத் தூக்கிப் போடுகிறவர்கள் கொடுப்பதைப் போலச் சிக்கலாக இல்லை. சீவி, அளவு பார்த்து, பாவில் பிணைப்பதற்கு வைப்பதைப் போல ஒரு முனையில் முடிச்சுப் போட்டிருந்தது.

"ஆயுத பூஜ வரைக்கும் அந்தப் பழசையே புடிச்சிக்கினு இருக்காத. இத சுத்திக்கோ" என்றார் நமச்சிவாயம். "உன் தறிக்குத்தான் கொண்டாந்தேன்."

கந்தன் பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் அவசர அவசரமாகச் சட்டையில் துடைத்தான். துடைக்கத் துடைக்க வேர்த்தது. மறுபடி துடைத்தான்.

"பரவால்லடா" என்றார் அப்பா. "அப்படியே தொடு."

கந்தன் ஈரக் கையாலேயே வாங்கிக்கொண்டான்.